ஹஜ்ஜுக்குப் பிந்தைய பத்து மாதங்கள்: மால்கம் எக்ஸின் வாழ்க்கை

நமது ஜும்ஆ பயான்களிலும் மக்தப் பிள்ளைகளின் பேச்சுப் போட்டிகளிலும் மால்கம் எக்ஸ் அடிக்கடி வந்து போகிறார். திருடனாக இருந்தார், சிறையில் இஸ்லாத்தின் பெயரைக் கேட்டார், ஹஜ்ஜுக்குப் போனார், அங்கே வெள்ளையரும் கறுப்பரும் ஒரே தட்டில் உண்பதைக் கண்டு மனம் மாறினார், பிறகு சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கத் தோதான வரலாறு. இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் ஹஜ்ஜை முடித்த பிறகு அவர் ஏறத்தாழ பத்து மாதங்கள் உயிரோடு இருந்தார். அந்தப் பத்து மாதங்களில் அவர் செய்ததை நாம் யாரும் சொல்வதில்லை. சொன்னால் இந்த வரலாறு நம்மைப் பாராட்டுவதோடு நின்றுவிடாது, நம்மிடம் கேள்வியும் கேட்கும் என்பதால் இருக்கலாம்.

அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள அவர் எந்த அமெரிக்காவில் வாழ்ந்தார் என்பது தெரிய வேண்டும்.

எரிந்த வீடு

1925 மே 19 அன்று நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் மால்கம் லிட்டில் பிறந்தார். தந்தை ஏர்ல் லிட்டில் ஒரு பாப்டிஸ்ட் போதகர். மார்கஸ் கார்வியின் இயக்கத்தில் தீவிரமாகப் பணியாற்றியவர். கறுப்பின மக்கள் வெள்ளையரின் தயவை எதிர்பார்க்காமல் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர். தாய் லூயிஸ் கரீபியத் தீவான கிரெனடாவில் பிறந்தவர், நன்கு படித்தவர்.

குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகருக்கு வந்து ஒரு வீடு வாங்கியது. அந்தப் பகுதியின் பத்திரத்தில் வெள்ளையர் தவிர வேறு யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றமும் காலி செய்யச் சொன்னது. அந்த இழுபறி முடிவதற்குள், 1929 நவம்பரில் ஒரு நள்ளிரவில் வீடு தீப்பற்றி எரிந்தது. குழந்தைகளை அள்ளிக்கொண்டு குடும்பம் வெளியே ஓடியது. மால்கமுக்கு அப்போது நான்கு வயது. காவல்துறை சந்தேகப்பட்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? வீட்டை இழந்த தந்தையைத்தான்.

வீடு எரிவது என்றால் என்ன என்று தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டாம்பட்டி குடியிருப்புகளில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு காதல் திருமணம். எரிந்தது கூரை மட்டுமல்ல. பல ஆண்டுகள் வெளியூரில் கூலி வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கிய பீரோவும் வண்டியும் பிள்ளைகளின் சான்றிதழ்களும்தான்.

1931-இல் ஏர்ல் லிட்டில் டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தார். அரசுக் கணக்கில் அது விபத்து. வெள்ளை இனவெறிக் கும்பல் அடித்துத் தண்டவாளத்தில் போட்டது என்றே குடும்பம் நம்பியது. ஒரு காப்பீட்டு நிறுவனம் அது தற்கொலை என்று சொல்லிப் பணம் தர மறுத்தது. ஏழு பிள்ளைகளோடு தனித்து நின்ற லூயிஸ், நிவாரணப் பணம் தரும் அதிகாரிகளின் விசாரணைகளுக்கும் வறுமைக்கும் நடுவே மனம் சிதைந்தார். மனநல மருத்துவமனையில் அவர் இருந்தது ஏறத்தாழ 24 ஆண்டுகள். பிள்ளைகள் வெவ்வேறு வீடுகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள்.

பள்ளியில் மால்கம் நன்றாகப் படித்தார். வெள்ளைப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் மாணவர் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். வழக்கறிஞராக ஆசை என்று சொன்னபோது, அவருக்குப் பிடித்த ஆசிரியரே, அவருடைய இனத்துக்கு அது ஒத்துவராது, தச்சு வேலை பழகலாம் என்று புத்தி சொன்னார். அந்த ஆசிரியர் கெட்டவர் அல்லர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நம் ஊர்களிலும் இப்படி நல்லெண்ணத்தோடு பிள்ளைகளின் படிப்பை முடித்து வைத்தவர்கள் உண்டு. அத்தோடு மால்கமின் படிப்பு ஆர்வம் போய்விட்டது.

1941-இல் பாஸ்டனில் இருந்த மாற்றாந்தாய்ச் சகோதரி எல்லாவிடம் போய்ச் சேர்ந்தார். காலணிக்குப் பாலிஷ் போட்டார், ரயிலில் உணவு விற்றார், பிறகு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் சூதாட்டம், போதைப் பொருள், திருட்டு என்று இறங்கினார். தலைமுடி வெள்ளையரின் முடி போல் நேராக வேண்டும் என்பதற்காகக் காரம் கலந்த கலவையைப் பூசி மண்டை எரிய உட்கார்ந்திருந்தார். தன்னைத் தானே இழிவுபடுத்திக்கொண்ட முதல் பெரிய செயல் அதுதான் என்று பிற்காலத்தில் வெட்கத்தோடு நினைவுகூர்ந்தார். சிவப்பாக்கும் கிரீம்கள் விற்கும் நம் கடைவீதிகளில் இதை யாரும் கேலி செய்ய முடியாது.

1946 பிப்ரவரியில் வீடு புகுந்து திருடிய குற்றத்துக்கு 8 முதல் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 20.

போருக்குப் பிந்தைய செழிப்பும் அதன் வேலியும்

அவர் சிறைக்குப் போனபோது இரண்டாம் உலகப் போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வெளியே வந்தது 1952 ஆகஸ்டில். இடைப்பட்ட ஆறரை ஆண்டுகளில் அமெரிக்கா வேறு நாடாக மாறிக்கொண்டிருந்தது.

போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குப் படிப்புச் செலவும் வீட்டுக் கடனும் தரும் சட்டம் 1944-இல் வந்தது. நகரங்களுக்கு வெளியே புதுப் புறநகர்கள் எழுந்தன. நியூயார்க் அருகே 1947-இல் தொடங்கிய லெவிட்டவுன் என்ற குடியிருப்பில் மட்டும் 17,000-க்கும் அதிகமான வீடுகள் ஒரே அச்சில் வார்த்தது போல் கட்டப்பட்டன. வீட்டுக்கு முன் புல்தரை, வாசலில் கார், சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி. 1950-இல் பத்து வீட்டில் ஒரு வீட்டில்கூட இல்லாத தொலைக்காட்சி, 1960-இல் பத்தில் ஏறத்தாழ ஒன்பது வீடுகளில் இருந்தது. உலகம் முழுவதும் பார்த்துப் பொறாமைப்பட்ட அமெரிக்க வாழ்க்கை என்பது இதுதான்.

ஆனால் லெவிட்டவுன் ஒப்பந்தத்தில் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று அச்சடித்தே வைத்திருந்தார்கள். வீரர்களுக்கான கடனும் அப்படித்தான். மிசிசிப்பி மாநிலத்தில் 1947-இல் அரசு உத்தரவாதத்தோடு தரப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை 2. ஒரே போரில் ஒரே சீருடையில் சண்டையிட்டவர்கள். சட்டத்தில் இனத்தின் பெயர் இல்லை. கடன் தரும் வங்கி மேலாளரின் மனத்தில் இருந்தது.

அதே காலத்தில் தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்து கறுப்பின மக்கள் வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 1940 முதல் 1970 வரை அப்படி இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 50 லட்சம் பேர். நம் மாவட்டத்திலிருந்து மழை பொய்த்த ஆண்டுகளில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்களை நினைத்தால் அந்தப் பயணம் ஓரளவு புரியும். நகரம் கூலி தருகிறது, ஊரில் கிடைக்காத ஒரு பெயரற்ற சுதந்திரமும் தருகிறது. ஆனால் தங்குவதற்குத் தகரக் கொட்டகைதான். சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் ஹார்லெமிலும் நெருக்கடியான அறைகளில், கூடுதல் வாடகைக்கு அவர்கள் அடைந்து கிடந்தார்கள்.

தெற்கில் இனப் பிரிவினை பலகையில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. தண்ணீர்க் குழாய் தனி, பேருந்து இருக்கை தனி, பள்ளிக்கூடம் தனி. பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1955 டிசம்பரில் மான்ட்கோமரி நகரில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது, மார்ட்டின் லூதர் கிங் தலைவராக எழுந்தார். வடக்கில் பலகை ஏதும் இல்லை. எடுப்பதற்குப் பலகையே இல்லாத இடத்தில் எதை எதிர்த்துப் போராடுவது? மால்கம் எக்ஸ் எழுந்தது அந்த இடத்திலிருந்துதான். அவரைக் கிங்குக்கு எதிராளியாக மட்டும் காட்டுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை என்றே நாம் நினைக்கிறோம்.

சிறையும் தவறான முகவரியும்

சிறையில் மால்கம் படிக்கத் தொடங்கினார். அகராதியைப் பக்கம் பக்கமாகக் கையால் எழுதிப் படித்தார். நார்ஃபோக் சிறையின் நூலகம் பெரியது. இரவு விளக்கு அணைந்த பின் நடைவழியிலிருந்து விழும் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து படித்ததில் பார்வை கெட்டது. பிற்காலப் புகைப்படங்களில் நாம் பார்க்கும் அந்தக் கண்ணாடி அங்கிருந்து வந்ததுதான்.

அவருடைய உடன்பிறப்புகள் அதற்குள் நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற இயக்கத்தில் சேர்ந்திருந்தார்கள். இங்கே நாம் தெளிவாக இருக்க வேண்டும். அந்த இயக்கத்தின் பெயரில் இஸ்லாம் இருந்தது, கொள்கையில் இல்லை. அதை நிறுவிய வாலஸ் ஃபார்டை இறைவன் மனித வடிவில் வந்தவர் என்றார்கள். அடுத்த தலைவர் எலைஜா முஹம்மது தன்னை இறைத்தூதர் என்றார். வெள்ளையர்கள் பிறவிச் சாத்தான்கள் என்று கற்பித்தார்கள். ரமலான் நோன்பை டிசம்பர் மாதத்தில் வைத்தார்கள். தவ்ஹீதுக்கும் இறுதி நபித்துவத்துக்கும் எதிரான கொள்கை அது என்பதில் எந்த முஸ்லிமுக்கும் ஐயமில்லை.

இருந்தும் ஆயிரக்கணக்கானோர் ஏன் சேர்ந்தார்கள்? பன்றி இறைச்சி, மது, போதை, விபச்சாரம், சூது எல்லாம் தடை. ஆண்கள் கோட்டும் டையும் அணிந்து நேரத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். சொந்தக் கடைகள், சொந்தப் பள்ளிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, உன் பிறப்பு இழிவானதல்ல என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். உண்மையான இஸ்லாத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க அந்தச் சிறைவாசலில் நாம் யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தவர்கள் அவர்கள்.

அடிமைக் காலத்து எஜமானர்கள் சூட்டிய லிட்டில் என்ற பெயரைத் துறந்து, அறியப்படாமல் போன ஆப்பிரிக்கப் பெயரின் இடத்தில் எக்ஸ் என்று வைத்துக்கொண்டார். 1954-இல் ஹார்லெமின் 7-ஆம் எண் பள்ளிக்குப் பொறுப்பாளரானார். 1957-இல் காவல்துறை அடித்து நொறுக்கிய ஓர் உறுப்பினருக்காகக் காவல் நிலையம் முன் அணிவகுத்து நின்றார். அடிபட்டவருக்கு மருத்துவம் உறுதியான பிறகு, அவர் கையசைத்ததும் பெருங்கூட்டம் சத்தமின்றிக் கலைந்தது. அந்தக் கட்டுப்பாடுதான் அதிகாரிகளை அதிகம் பயமுறுத்தியது. 1958 ஜனவரியில் செவிலியர் படிப்பு முடித்த பெட்டியை மணந்தார்.

1959-இல் அந்த இயக்கத்தைப் பற்றிய ஒரு தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பானது. புறநகர் வீடுகளின் வரவேற்பறைகளுக்குள் மால்கமின் முகம் நுழைந்தது. அவரை வில்லனாகக் காட்டத்தான் அந்த நிகழ்ச்சி எடுக்கப்பட்டது. ஆனால் அதே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கறுப்பினக் குடும்பங்கள், பயமில்லாமல் பதில் சொல்லும் ஒருவரை முதன்முறையாகப் பார்த்தன.

அதே 1959-இல் கிங் இந்தியா வந்திருந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில், தீண்டத்தகாத சமூகத்துப் பிள்ளைகள் முன் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகம் செய்தார். முதலில் அவருக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்துவிட்டு, ஆம், நான் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டார். மால்கமும் தம் உரைகளில் 1955-ஆம் ஆண்டு பாண்டுங் மாநாட்டை எடுத்துக்காட்டி, ஆசிய ஆப்பிரிக்க மக்கள் ஒன்றுகூடியதைப் பார்த்துக் கற்கச் சொன்னார். இரு வேறு வழியில் போனவர்களும் நம் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

முறிவு

1963-இல், எலைஜா முஹம்மது தம் இளம் பெண் செயலாளர்களோடு தகாத உறவு கொண்டிருந்ததையும், அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் பற்றி மால்கம் விசாரித்து உறுதி செய்துகொண்டார். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு மனிதரை நம்பி வாழ்ந்தவருக்கு அது தந்தையை இரண்டாம் முறை இழந்தது போல இருந்திருக்கும். நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடி கொல்லப்பட்டார். அது குறித்து மால்கம் சொன்ன கடுமையான ஒரு கருத்தைக் காரணம் காட்டி இயக்கம் அவருக்கு 90 நாள் பேச்சுத் தடை விதித்தது. 1964 மார்ச் 8 அன்று அவர் வெளியேறுவதாக அறிவித்தார். குடியிருந்த வீடு, சம்பளம், நண்பர்கள் எல்லாம் இயக்கத்தின் உடைமை. அவர் பயிற்றுவித்து வந்த குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலிகூட அவரைவிட்டு விலகிப் போனார். அது தம் வாழ்வின் பெரிய தவறுகளில் ஒன்று என்று அலி முதுமையில் வருந்தினார்.

மார்ச் 26 அன்று வாஷிங்டனில் குடியுரிமைச் சட்ட விவாதத்தின்போது கிங்கும் மால்கமும் கைகுலுக்கினார்கள். இருவரும் சந்தித்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான், சில நிமிடங்கள் மட்டும்.

இஹ்ராமில்

ஹஜ்ஜுக்கான பணத்தைத் தந்தது சகோதரி எல்லா. 1964 ஏப்ரல் 13 அன்று புறப்பட்டார். கெய்ரோவிலிருந்து ஜித்தா போன விமானத்தின் தலைமை விமானி தம்மைவிடக் கறுத்த நிறத்தவர் என்பதைக் கண்டு வியந்தார். தம் நாட்டில் அப்படி ஒரு காட்சியை அவர் பார்த்ததில்லை.

ஜித்தாவில் தடங்கல். அமெரிக்கக் கடவுச்சீட்டோடு வந்தவர் முஸ்லிம்தானா என்பதை உறுதி செய்யும் வரை விமான நிலைய விடுதியில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். பல நாட்டு ஹாஜிகளோடு ஓர் அறை. அங்கேதான் ஓர் உண்மை அவரைச் சுட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் முஸ்லிம் போதகராக இருந்தவருக்கு முறையாகத் தொழத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். அத்தஹிய்யாத் இருப்பில் உட்காரப் பழகாத கால் வலியெடுத்தது. அரபு மொழியில் ஓத வரவில்லை. நாடறிந்த பேச்சாளர், மக்தப் பிள்ளையாக உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஒரே தட்டில் உண்ட காட்சியைவிட இந்தக் காட்சிதான் நமக்குப் பெரிதாகப் படுகிறது.

அரபு லீகின் முதல் பொதுச் செயலாளராக இருந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸாமின் குடும்பம் உதவிக்கு வந்தது. பெரியவர் அஸ்ஸாம் தம் விடுதி அறையையே அவருக்கு விட்டுக்கொடுத்தார். தோற்றத்தில் வெள்ளையர் என்றே சொல்லத்தக்க ஒருவர், எந்தப் பலனும் எதிர்பாராமல் இப்படி நடந்துகொண்டது மால்கமின் பழைய நம்பிக்கையை உடைத்தது. இளவரசர் ஃபைசல் அவரை அரசு விருந்தினராக ஏற்றார். ஹஜ் முடிந்தது. அல்ஹாஜ் மாலிக் அல் ஷபாஸ் என்ற பெயரோடு, இனப் பாகுபாட்டை நீக்கும் வழி இஸ்லாத்தில் இருக்கிறது என்று மக்காவிலிருந்து ஊருக்குக் கடிதங்கள் எழுதினார்.

நம் பயான்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ஆனால் அவர் கண்கள் அங்கே இன்னொன்றையும் பார்த்தன. யாரும் கட்டாயப்படுத்தாதபோதும், ஒரே நாட்டார், ஒரே நிறத்தார் கூடிக் கூடி இருந்ததைக் கவனித்துக் குறித்து வைத்தார். அதை வெறுப்பு என்று அவர் சொல்லவில்லை. மேல் கீழ் என்ற எண்ணம் அதில் இல்லை என்றே எழுதினார்.

நம் ஊரில் அந்த எண்ணம் இல்லை என்று நாம் சத்தியம் செய்ய முடியுமா? தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். அதே பள்ளிவாசலில் நிக்காஹ் பேச்சு வந்தால் உருது பேசும் வீடா, தமிழ் பேசும் வீடா, ராவுத்தரா, லெப்பையா என்று விசாரணை தொடங்குகிறது. ஒரு தலைமுறைக்கு முன் இஸ்லாத்துக்கு வந்த குடும்பம் என்று தெரிந்தால் பேச்சு இன்னும் மெதுவாக முடிந்துவிடுகிறது. எவரும் கடுஞ்சொல் சொல்வதில்லை. வேறு இடம் பார்த்துவிட்டோம் என்று மரியாதையாகவே சொல்கிறார்கள். சாதிக் கொடுமையிலிருந்து தப்பி வந்தவர் அந்த மரியாதையின் பொருளை உடனே புரிந்துகொள்கிறார். பிலால் (ரலி) அவர்களைப் பற்றி பயான் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இதைச் செய்கிறோம்.

அந்தப் பத்து மாதங்கள்

மால்கம் மே 21 அன்று நியூயார்க் திரும்பினார். ஹஜ் அவரைச் சாந்தப்படுத்தி மூலையில் உட்கார வைத்தது என்று நினைத்தால் தவறு. வெள்ளையர் அனைவரும் பிறவியிலேயே தீயவர்கள் என்ற கொள்கையைக் கைவிட்டார். ஆனால் அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு நடக்கும் அநீதி அப்படியே இருக்கிறது என்பதில் ஓர் அங்குலமும் இறங்கவில்லை. கூட்டங்களில் இரண்டையும் சேர்த்தே சொன்னார். அதனால் பழைய ஆதரவாளர்கள் சிலர் விலகினார்கள், பத்திரிகைகள் குழம்பின.

ஜூலை 2 அன்று குடியுரிமைச் சட்டம் கையெழுத்தானது. உணவகத்தில் உட்கார உரிமை வந்தது, ஹார்லெமின் வாடகையும் காவல்துறையின் தடியும் மாறவில்லை. அதே மாதம் 15 வயதுச் சிறுவன் ஒருவன் காவலரால் சுட்டுக் கொல்லப்பட, ஹார்லெமில் கலவரம் வெடித்தது. மால்கம் அப்போது கெய்ரோவில் இருந்தார். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாட்டில் கூடிய நாடுகளிடம் மனுக் கொடுத்து, அமெரிக்கக் கறுப்பின மக்களின் பிரச்சினையை மனித உரிமைப் பிரச்சினையாக ஐ.நா. சபைக்குக் கொண்டுபோக உதவி கேட்டார். குடியுரிமை என்றால் அது உள்நாட்டு விவகாரம், குற்றம் செய்தவரின் நீதிமன்றத்திலேயே முறையிட வேண்டும். மனித உரிமை என்றால் உலகம் கேள்வி கேட்கலாம். இந்த வாதம் வாஷிங்டனைக் கவலைப்பட வைத்தது. அந்தப் பயணம் 18 வாரம் நீண்டது. செப்டம்பரில் காஸாவுக்குப் போய் அகதி முகாம்களைப் பார்த்தார். மார்க்கக் கல்வியைத் தொடர்ந்தார். தம் மக்களில் இளைஞர்கள் முறையாக இஸ்லாம் கற்பதற்காக அல் அஸ்ஹரிலும் மதீனாவிலும் கல்வி உதவித் தொகைகளைப் பெற்று வந்தார்.

பழைய தவறுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்ததுதான் அந்த மாதங்களின் மிகக் கடினமான வேலை. முன்பு ஒரு வெள்ளைக் கல்லூரி மாணவி தேடி வந்து, நான் என்ன உதவி செய்யலாம் என்று கேட்டபோது ஒன்றுமில்லை என்று விரட்டியிருந்தார். அந்தப் பெண்ணின் முகம் தன்னை வருத்துவதாகச் சொன்னார். 1961-இல் நேஷன் ஆஃப் இஸ்லாமின் சார்பில் கு கிளக்ஸ் கிளான் ஆட்களோடு தாமே ரகசியமாகப் பேச்சு நடத்தியதையும் பொதுமேடையில் போட்டு உடைத்தார். தன் பெயர் கெடும் என்று தெரிந்தே செய்தார். பன்னிரண்டு ஆண்டுகள் மேடையில் முழங்கிய ஒன்றைத் தவறு என்று அதே மேடையில் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? நம் சமுதாய இயக்கங்களில், அமைப்பு இரண்டாக உடைந்தாலும் பேச்சு மாறியதாக ஒப்புக்கொண்ட தலைவர்கள் அரிது.

1965 பிப்ரவரி 4 அன்று செல்மா நகருக்குப் போனார். கிங் சிறையில் இருந்தார். அவருடைய மனைவி கொரெட்டாவைச் சந்தித்து, கிங்கின் வேலையைக் கடினமாக்க வரவில்லை, எளிதாக்கவே வந்தேன் என்று தெரிவித்தார். பத்து நாள் கழித்து, பிப்ரவரி 14 விடியற்காலையில் நியூயார்க்கில் அவருடைய வீட்டின் மீது தீக்குண்டுகள் வீசப்பட்டன. பெட்டியையும் நான்கு பெண் குழந்தைகளையும் குளிரில் வெளியே கொண்டுவந்தார். நான்கு வயதில் பார்த்ததை 39 வயதில் தந்தையாகப் பார்த்தார். முதல் முறை வெளியார். இம்முறை சந்தேகம் போனது பழைய தோழர்கள் மீது.

பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை. ஆடுபான் அரங்கில் மேடையேறி ஸலாம் சொன்னார். கூட்டத்தில் திடீரென்று ஒரு சச்சரவு. அமைதிப்படுத்த அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கிகள் வெடித்தன. மனைவியும் குழந்தைகளும் அரங்கில் இருந்தார்கள். அவருடைய பாதுகாப்புக் குழுவிலேயே காவல்துறையின் ரகசிய ஆள் ஒருவர் இருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. சூடானிலிருந்து வந்திருந்த ஷேக் அஹ்மத் ஹசூன் மார்க்க முறைப்படி குளிப்பாட்டிக் கஃபனிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை. அவர்களில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மற்ற இருவரும் நிரபராதிகள் என்று சொன்னார். யாரும் கேட்கவில்லை. புலனாய்வுத் துறையும் காவல்துறையும் மறைத்து வைத்திருந்த ஆவணங்கள் வெளிவந்த பிறகு, 2021 நவம்பரில்தான் முஹம்மது அஸீஸும் கலீல் இஸ்லாமும் குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் அறிவித்தது. இருவரும் 20 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தவர்கள். கலீல் இஸ்லாம் 2009-லேயே இறந்துவிட்டார்.

மால்கம் இறந்த அந்த ஆண்டிலேயே, ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அக்டோபரில் வந்த குடியேற்றச் சட்டத்தை நம் வீடுகள் அதிகம் அறியா. அதற்கு முன் இந்தியாவுக்கு அமெரிக்கா ஒதுக்கியிருந்த குடியேற்ற இடங்கள் ஆண்டுக்கு 100. நாட்டின் பெயரால் இருந்த அந்தத் தடையைப் புதுச் சட்டம் நீக்கியது. இன்று நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் பணியாற்றும் தமிழ் முஸ்லிம் பிள்ளைகள் நுழைந்த கதவு அதுதான். அந்தக் கதவைத் தள்ளியவர்களில் பெரும்பகுதி தெற்கின் தெருக்களில் அடிபட்ட கறுப்பின மக்கள். அங்கே போய்ப் பள்ளிவாசல் கட்டும் நம்மவர்கள், பக்கத்துத் தெருவில் இருக்கும் கறுப்பின முஸ்லிம்களின் பள்ளிவாசலுக்கு எத்தனை முறை போயிருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். 1975-இல் எலைஜா முஹம்மது இறந்ததும் அவருடைய மகன் வாரித் தீன் முஹம்மது அந்த இயக்கத்தின் பெரும்பகுதியைக் குர்ஆன், சுன்னாவின் பக்கம் திருப்பினார். முஹம்மது அலியும் அவர்களோடு வந்தார். மால்கம் பத்து மாதத்தில் தனியாக நடந்த பாதைதான் அது.

பெட்டியின் கையில் சேமிப்பு இல்லை. தீப்பிடித்த வீடும் அவர்களுடையதல்ல. கலைஞர்கள் சிலர் நிதி திரட்டி ஒரு வீடு வாங்க உதவினார்கள். கணவர் இறந்த சில வாரங்களில் பெட்டி ஹஜ்ஜுக்குப் போனார். அப்போது அவர் கர்ப்பிணி. செப்டம்பரில் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன, தந்தையின் பெயரை ஒட்டி மாலிகா, மலாக் என்று பெயரிட்டார். ஆறு பெண் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே படித்து, 1975-இல் முனைவர் பட்டம் பெற்று, நியூயார்க்கின் மெட்கர் எவர்ஸ் கல்லூரியில் பணியாற்றினார். 1997-இல் இறந்து, கணவர் இருக்கும் அதே அடக்கத்தலத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.